மேட்டில் கொதித்த வண்டிகள்

தொப்பூர் கணவாயில் இன்றைக்கு நாற்பது டன், ஐம்பது டன் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போகின்றன. ஒரு வண்டிகூட ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, புஸ்ஸென்று ஆவி விட்டபடி நிற்பதைக் காணோம். நம் வயதுக்காரர்களுக்கு இது கொஞ்சம் வினோதமாகத்தான் இருக்கும். 1960களிலும் 70களிலும் சேலத்திலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், கொதித்து நிற்கும் லாரிகளை எண்ணிக்கொண்டே போகலாம். "வண்டி கொதிச்சிடுச்சு" என்பது அன்றைக்கு ஒரு நாளில் பத்து முறை காதில் விழும் வாக்கியம்.

கொதித்து நின்ற லாரிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பையன் இருப்பான். கையில் தகர டின்னோ பிளாஸ்டிக் கேனோ இருக்கும். எங்கே கிணறு, எங்கே ஓடை என்று அவனுக்குத் தெரியும். மோட்டார் புத்தகங்களில் என்ஜினைக் குளிர வைக்கும் அமைப்பு என்று ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட் என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைந்திருப்பார்கள். அந்தப் படத்தில் விட்டுப்போன பாகம் இந்தக் கிளீனர் பையன். பணிமனையில் பல வருடம் ரேடியேட்டர்களோடு மாரடித்தவன் என்ற உரிமையில், அவனையும் சேர்த்து இந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. என்ஜினில் எரியும் டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதாவது சக்கரத்துக்கு எவ்வளவு வேலை போகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூடு ரேடியேட்டர் தலையில் விழுகிறது.

பன்னிரண்டு டன் லாரி ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்குச் செலவாகும் சக்தியும் ரேடியேட்டரில் விழும் சூடும் சமம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்தச் சூட்டைக் காற்று வாங்காமல் தண்ணீரே ஆவியாகித் தீர்க்க வேண்டுமென்றால், ஏறத்தாழ எண்பது லிட்டர் தண்ணீர் கொதித்து வற்றியாக வேண்டும். அந்தக் காலத்து ரேடியேட்டரில் அதில் கால் பங்கு நிற்பதே பெரிய காரியம். ஆக, வண்டி மேலே போய்ச் சேருவது ரேடியேட்டரின் பின்னால் சுற்றும் ஃபேன் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதில் இருந்தது. அது போதாத இடத்தில் பையனின் கேன் வேலைக்கு வந்தது.

இந்தத் தொல்லை மோட்டார் வண்டி பிறந்த அன்றே பிறந்தது. கார்ல் பென்ஸ் செய்த முதல் வண்டியில் இன்றைய மாதிரி ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். குறையக் குறைய ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் அந்த வகை வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கூடவே இரண்டு மகன்கள், ஆய்கனுக்கு வயது 15, ரிச்சர்டுக்கு 13. வழியெல்லாம் கிடைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்கள். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பெர்த்தா அம்மையாரின் துணிச்சலைப் பாராட்டுகிறார்கள், சரிதான். எனக்கு அந்த இரண்டு பையன்கள்தான் கண்ணில் படுகிறார்கள். உலகத்தின் முதல் இரண்டு கிளீனர்கள் அவர்கள்தானே! அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் மேடு ஏற இன்னும் ஒரு தாழ்ந்த கியர் வேண்டுமென்று பென்ஸுக்குப் புரிந்தது.

சரியான ரேடியேட்டர் வர இன்னும் பன்னிரண்டு வருடம் ஆனது. டைம்லர் கம்பெனியில் வில்ஹெல்ம் மேபாக் என்ற மேதை இருந்தார். 1900ஆம் ஆண்டு கடைசியில் உருவாகி மறு வருடம் ஓடிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சின்னக் குழாய்கள். குழாய்களுக்குள் காற்று, அவற்றைச் சுற்றித் தண்ணீர். பின்னால் ஒரு ஃபேன். அதற்கு முன்பு பதினெட்டு லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் ஒன்பது லிட்டர் போதுமானதாயிற்று. இன்றைக்கு ஓடும் எந்த லாரியின் முகப்பைத் திறந்தாலும் அங்கே இருப்பது மேபாக் ஐயாவின் பேரப்பிள்ளைதான். நம்மூர்ப் பட்டறைகளில் அதன் நடுப்பகுதியைக் 'கோர்' என்போம். பித்தளையும் செம்பும் ஈயப்பற்றும் சேர்ந்த பொருள். பழைய கோருக்குக் காயலான் கடையில் இருந்த மரியாதை எந்த உதிரி பாகத்துக்கும் கிடையாது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டின் 'மாடல் டி' இன்னொரு வழியில் போனது. வாட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பித் தண்ணீரைத் தானாகச் சுற்ற விட்டார்கள். சமவெளியில் சும்மா போகிற காருக்கு அது போதும். பாரம் ஏற்றி மலை ஏறும் லாரிக்குப் போதவே போதாது. நீராவிக் கப்பல் மாதிரி ஊதிக்கொண்டு நிற்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் வண்டிகள் நம் பக்கத்து ரோடுகளில் ஓடின. எல்லாம் பெட்ரோல் வண்டிகள். பிறகு டீசல் வந்தது. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் காமெட் லாரி ஒரு பக்கம். 1954 முதல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் இன்னொரு பக்கம். 1969க்குப் பிறகு அதன் நெற்றியில் இருந்த நட்சத்திரம் போய் டாடா என்ற பெயர் மட்டும் நின்றது. ஆனாலும் டிரைவர்கள் வாயில் வெகுநாள் வரைக்கும் அது 'பென்ஸ் லாரி'தான்.

டாடா வண்டியின் பெயரே ஒரு கணக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1210 என்றால் மொத்த எடை 12 டன், என்ஜின் 100 குதிரைத்திறன். இன்றைக்கு டிரெய்லர் இழுக்கும் 5530 என்றால் 55 டன், 300 குதிரைத்திறன். வகுத்துப் பாருங்கள். பழைய லாரியில் ஒரு டன்னுக்கு எட்டுக் குதிரைக்கு மேல் இருந்தது. இன்றைய டிரெய்லரில் ஐந்தரைதான். பழைய லாரி காகிதத்தில்தான் 12 டன், நடைமுறையில் ஏற்றியது வேறு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் விஷயம் புரிகிறது அல்லவா? இன்றைய வண்டி கொதிக்காமல் ஏறுவதற்குக் காரணம் குதிரைகள் கூடியதல்ல. சூட்டை வெளியேற்றும் வழிகள் கூடியதுதான்.

வழிகள் கூடாத காலத்தில் டிரைவர்களின் அறிவுதான் வழி. இதில் நம் ஆட்கள் எந்த என்ஜினியருக்கும் குறைந்தவர்கள் அல்ல. மேடு தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுவார்கள். புதிதாக ஓட்டுகிறவன் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மேல் கியரிலேயே திணறித் திணறி ஏற்றுவான். அதில் என்ஜின் மெதுவாகச் சுற்றும். ஃபேனும் வாட்டர் பம்பும் என்ஜினோடு ஒரே பெல்டில் ஓடுகிறவை, அவையும் மெதுவாகச் சுற்றும். சூடு அதிகம், காற்று குறைவு. தாழ்ந்த கியரில் என்ஜின் வேகமாகச் சுற்றினால் காற்றும் தண்ணீரும் வேகமாக ஓடும். இதை எந்தப் பள்ளியிலும் படிக்காத ஒருவர் காதால் கேட்டே சொல்லிவிடுவார். "அழுவுது பார், இறக்கு" என்பார்கள். என்ஜின் அழுகிறது, கியரை இறக்கு என்று பொருள்.

இன்னொன்று, காற்று. பின்காற்று அடித்தால் மேட்டில் வண்டி சீக்கிரம் சூடாகும். வண்டி போகும் திசையிலேயே காற்றும் போனால் ரேடியேட்டருக்கு முகக்காற்று ஏது? வைகாசி, ஆனியில் மேல்காற்று வீசும்போது கிழக்கே பார்த்து மேடு ஏறுகிறவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். அதனால் ராத்திரியில்தான் மலை ஏறுவார்கள். பகல் வெயிலில் அடிவாரத்துப் புளிய மரத்தடியில் படுத்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் கிளம்புவார்கள். சோம்பேறித்தனம் என்று பஸ்ஸில் போகிறவர்கள் பேசுவார்கள். அது கணக்குப் போட்ட தூக்கம்.

கொதித்த பிறகு செய்யக் கூடாதவையும் உண்டு. உடனே என்ஜினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பம்பும் நின்றுவிடும், ஹெட்டில் நிற்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து வற்றும். சும்மா ஓடவிட்டுச் சூட்டை இறக்க வேண்டும். அடுத்தது, பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு அது. சூட்டுச் சட்டியில் தண்ணீர் விட்ட மாதிரி விரிசல் விடும். ஹெட் கேஸ்கட் போவது சின்ன நஷ்டம், ஹெட் வெடித்தால் பெரிய நஷ்டம், பிஸ்டன் பிடித்துக்கொண்டால் ஒற்றை லாரி முதலாளி குடும்பத்தோடு தெருவுக்கு வந்துவிடுவார். மனைவி நகையை வைத்து வண்டி வாங்கியவர்கள் நம் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்தச் சூட்டு முள் வெறும் மீட்டர் அல்ல.

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூள் போடுவார்கள். தண்ணீரோடு சுற்றிப் போய் மெல்லிய ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரும் வரைக்கும் தாங்கும். வைத்தியம் உண்மையானதுதான். ஆனால் மூன்று முறை மஞ்சள் போட்ட ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் ஒழுகாத குழாய்களும் அடைத்திருக்கும். அதைவிட மோசம் நம் பக்கத்து உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் உள்ளே படியும் அதே வெள்ளைப் படிவு என்ஜினுக்குள்ளும் படியும். முட்டை ஓடு கனத்துக்குப் படிந்தாலே சூடு வெளியே போக மறுக்கும். பணிமனைக்கு வந்த 'காரணம் தெரியாமல் கொதிக்கிற' வண்டிகளில் பாதிக்குக் காரணம் வழியில் கிணற்றிலிருந்து பிடித்து ஊற்றிய தண்ணீர்தான். அவசரத்துக்கு உதவியதே நாளடைவில் நோயானது.

தெர்மோஸ்டாட்டையும் சொல்ல வேண்டும். என்ஜின் சூடேறும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் மறித்து வைக்கும் சின்ன வால்வு அது. நம்மூர்ப் பட்டறைகளில் புது வண்டி வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றித் தூர எறிவார்கள். 'சூட்டு ஊருக்கு இது எதுக்கு?' என்பார்கள். கொதிப்பது குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் சமவெளியில் என்ஜின் பச்சையாகவே ஓடி, டீசலைக் குடித்து, சிலிண்டரும் சீக்கிரம் தேய்ந்தது. இந்த வழக்கத்தை எதிர்த்து நான் பேசிய பேச்சில் பாதியை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

இனி மூடி. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. தண்ணீர் சூடாகி அழுத்தம் கூடும்போது அது விடாமல் பிடித்து வைக்கும். பிரஷர் குக்கர் வெயிட் செய்யும் அதே வேலை. சாதாரணமாக 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் கூடினால் ஏறத்தாழ 120 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். மலை ஏறும் வண்டிக்கு இது பெரிய வரம். ஏனென்றால் உயரம் கூடக் கூடக் கொதிநிலை இறங்கும், 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகாது என்று பெண்கள் சொல்வார்களே, அதேதான். என்ஜின் அதிகம் உழைக்கும் இடத்தில் தண்ணீருக்குத் தாங்கும் சக்தி குறைகிறது. மூடி அந்த நஷ்டத்தை ஈடுகட்டியது.

ஆனால் அழுத்தத்தில் இருக்கும் 115 டிகிரித் தண்ணீரின் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அடுத்த நொடியே அது கொதித்துப் பீறிட்டு ஆள் உயரத்துக்கு அடிக்கும். கிளீனர்கள் பட்ட காயங்களில் மிக அதிகமானது இதுதான். எங்கள் பகுதியில் ஒருவர் இருக்கிறார். இப்போது அறுபது வயதுக்கு மேல். கழுத்தின் இடது பக்கமும் காதும் சுருங்கிப் போயிருக்கும். பதினாலு வயதில் திம்பம் மலையில், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியபோது நடந்தது. "அண்ணன் திறடான்னார், திறந்தேன். சாக்கை நனைச்சு மேல போட்டுட்டுத் திறக்கணும்னு அப்பத் தெரியாது" என்றார் என்னிடம். அண்ணன் என்பது டிரைவர். அந்த அண்ணன்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்த லாரியை மறித்துச் சத்தியமங்கலத்துக்குக் கொண்டுபோனாராம். ஆஸ்பத்திரியில் கூடவே மூன்று நாள் இருந்தாராம். அவர் மேல் இவருக்கு இன்றுவரை கோபமில்லை. "அவருக்கும் அவரோட அண்ணன் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாரு" என்றார். பதினாலு வயதுப் பையன் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

என்ஜின் மட்டும்தான் சூடாகும் என்றில்லை. கியர் பக்கமும் சூடாகும். நம் லாரிகளின் கையால் போடும் கியர் பாக்ஸ் இந்த விஷயத்தில் சாதுவானது. பல்லோடு பல் உராய்வதில் போகும் சக்தி மிகக் குறைவு. உள்ளே இருக்கும் ஆயிலும் வெளியே அடிக்கும் காற்றும் போதும். சூடு பிறக்கும் இடம் கிளட்ச். பாரத்தோடு மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் பிளேட் வழுக்கி வழுக்கித்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் வரும் தீய்ந்த வாடை மறக்கக் கூடியதல்ல. இங்கேயும் கிளீனர்தான் மருந்து. வண்டி நின்றதும் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவான். அதனால் டிரைவர் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கிளம்பியதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டியில் தொற்றி ஏறுவான். சில மேடுகளில் அவன் ஏறி உட்காரவே மாட்டான். கட்டையோடு பக்கத்திலேயே நடந்து வருவான்.

அமெரிக்கர்கள் பிரச்சினை வேறு மாதிரி. ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் ஹைட்ரா-மேட்டிக் என்ற தானியங்கி கியரைக் கொண்டு வந்தது. அதில் கிளட்ச் மிதி இல்லை. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயிலை வைத்து என்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தினார்கள். ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் ஆயில் கடையப்படுகிறது. பின்னால் வீடு மாதிரி ஒரு டிரெய்லரையோ படகையோ மாட்டிக்கொண்டு மலை ஏறினால், கடைந்த ஆயில் காயும். 80 டிகிரி வரைக்கும் அந்த ஆயில் வெகுகாலம் உழைக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு பதினோரு டிகிரிக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது அந்நாட்டு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. சிவப்பு ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கியர் பாக்ஸுக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் அந்த ஆயிலைக் குழாய் வழியே வெளியே கொண்டுவந்து ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் ஒரு சுற்று விட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதிக பாரம் இழுப்பவர்களுக்கு ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு சின்ன ஆயில் கூலர்.

கலிஃபோர்னியாவின் மலைச்சாலைகளில் 'வண்டி கொதிக்காமலிருக்க ஏசியை நிறுத்துங்கள்' என்று அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும் இடங்களும் அங்கே உண்டு. நம் கிளீனர் பையன் செய்த வேலையை அங்கே நெடுஞ்சாலைத் துறை செய்தது.

அதைவிட எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று. எவ்வளவு எடை இழுக்கும் என்பதை அங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவர் நாலு டன் என்றால் மற்றவர் நாலரை என்பார். சோதித்தது யார்? 2008இல் மோட்டார் பொறியாளர் சங்கம் ஜே 2807 என்று ஒரு விதி போட்டது. அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் குறுக்கே டேவிஸ் அணை இருக்கிறது. அதன் பக்கத்திலிருந்து பாலைவன மலையில் ஏறும் 18 கிலோமீட்டர் சாலைதான் பரீட்சை மைதானம். சொன்ன எடையை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். வெளியே வெயில் 38 டிகிரிக்குக் குறையக் கூடாது. சாதாரணப் பிக்கப் வண்டிகள் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும். தண்ணீர் ஒழுகக் கூடாது, எச்சரிக்கை விளக்கு எரியக் கூடாது. டொயோட்டா தன் 2011ஆம் ஆண்டு டன்ட்ரா வண்டியில் முதலில் இந்த விதிக்குக் கட்டுப்பட்டது. உள்ளூர்க் கம்பெனிகள் சில வருடம் தயங்கித்தான் வந்தன. ஏன் தயங்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு 1990களிலிருந்து ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது சென்னையின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். அந்தக் கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருதையும் பல முறை வாங்கினார்கள். திம்பத்தில் ஒரு பையனின் காதைச் சுட்டது மூடி. அந்த மூடியைத் துல்லியமாகச் செய்து டெட்ராய்ட்டுக்கு விற்றதும் நம் தமிழ்நாடுதான்.

நம் லாரிகளுக்கும் மெல்ல மெல்ல விடிவு வந்தது. கிணற்றுத் தண்ணீர் போய், கிளைக்கால் கலந்த பச்சை நிறக் கூலன்ட் வந்தது. சரிபாதி கலந்தால் அது 106, 107 டிகிரியில்தான் கொதிக்கும், உப்பும் படியாது, துருவும் பிடிக்காது. வழிந்த தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வைத்துத் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும் தனித் தொட்டி வந்தது. அதனால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே போயிற்று. எத்தனை கைகளையும் முகங்களையும் அந்தப் பிளாஸ்டிக் தொட்டி காப்பாற்றியது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு தேவைப்படும்போது மட்டும் வேகமாகச் சுற்றும் விஸ்கஸ் ஃபேன். ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானால் அதன் உள்ளிருக்கும் சிலிக்கான் எண்ணெய் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்தால் விட்டுவிடும். பெரிய லாரியில் ஃபேன் மட்டுமே இருபது முப்பது குதிரைத்திறனைத் தின்னும் என்பதால் டீசலும் மிச்சம். சூடு எல்லை தாண்டினால் என்ஜினின் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. 'அழுவுது பார், இறக்கு' என்பதை இப்போது ஒரு சில்லு சொல்கிறது.

1998இல் ஓசக்கோட்டையிலிருந்து வோல்வோ லாரிகள் வந்தபோது நம் டிரைவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கொதிகலன்களையும், காற்றாலை இறக்கைகளையும் பல சக்கர டிரெய்லர்களில் இழுக்கும் புல்லர் வண்டிகள் வந்தன. அந்த மாதிரி வேலைக்கு உலகில் செய்யப்படும் சில வண்டிகளில் கிளட்சுக்கு முன்னால் அமெரிக்கர்களின் அதே ஆயில் இணைப்பு உண்டு, கிளம்பும்போது கிளட்ச் கருகாமல் இருப்பதற்காக. அதற்கென்று தனிக் கூலரும் உண்டு. சூடு கிளட்சிலிருந்து ஆயிலுக்கு இடம் மாறியது. ஆயிலைக் குழாய் வழியே வெளியே கொண்டுபோகலாம், கிளட்ச் பிளேட்டைக் கொண்டுபோக முடியாதே.

இன்னொரு வேடிக்கை. இப்போது இறக்கத்திலும் ரேடியேட்டருக்கு வேலை. பெரிய வண்டிகளில் ரிடார்டர் என்ற கருவி கியர் பாக்ஸோடு இருக்கிறது. அதுவும் ஆயிலைக் கடைந்துதான் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. அந்தச் சூடு என்ஜின் தண்ணீருக்குப் போகிறது. பிரேக் டிரம் காய்ந்து பிடிப்பு இழப்பது தவிர்க்கப்படுகிறது. தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து பிரேக் பிடிக்காமல் முன்னால் போன கார்களின் மேல் ஏறிய லாரிகளைப் பற்றி வருடா வருடம் தினசரியில் படிக்கிறோம். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ரிடார்டர் கிடையாது. விலை அதிகம்.

கேனைத் தூக்க வேண்டியதில்லை, கட்டை போட வேண்டியதில்லை, மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்றான பிறகு கிளீனர் எதற்கு? முதலில் வீட்டுக்குப் போனது அவர்தான். இன்றைக்கு நாமக்கல் டிரெய்லர்கள் பலவற்றில் டிரைவர் ஒருவரே ஒற்றையாய்ப் போகிறார். பையன்கள் பள்ளிக்கூடம் போனது நல்லதே. ஆனால் கிளீனராய் ஏறித்தான் ஒருவன் டிரைவராய் இறங்கினான். அந்தப் படிக்கட்டு போனபின் டிரைவர் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்புகிறார்கள்.

டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லவில்லை. கேபினுக்குள்ளேயே என்ஜின் இருந்த வண்டிகளில் அவருடைய இடது கால் என்ஜின் பெட்டியை ஒட்டியே இருக்கும். மேல் மூடியில் கோணிச்சாக்கு மடித்துப் போட்டிருப்பார்கள். மேட்டில் ஏறும்போது அந்த இரும்பில் தோசை ஊற்றலாம். முப்பது வருடம் ஓட்டியவர்களின் இடது காலில் முடியே இருக்காது. என்ஜினுக்குத் தண்ணீர், ஆயில், ஃபேன், கூலர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்கள் அந்தக் காலுக்கு எதையும் சேர்க்கவில்லை. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. பென்ஸ் லாரி வந்து 71 வருடத்துக்குப் பிறகு!

அந்த ஏசியின் கண்டன்ஸரைப் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் பொருத்துகிறார்கள். டிரைவரிடமிருந்து எடுத்த சூடு ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மேட்டில் என்ஜின் சூடு எல்லை தாண்டினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் முதலில் நிறுத்துவது ஏசியைத்தான்.